செகண்டரி சிஃபிலிஸ் சார்ட் கைக்கு வந்தால்: புதிய கோடர்களுக்கு

சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து அமெரிக்க சார்ட்டுகளைக் கோட் செய்கிறவர்களுக்கு, அதாவது மருத்துவரின் நோயாளிக் குறிப்பைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் இன்ஷூரன்ஸ் கிளெய்முக்கான கோட் போடுகிறவர்களுக்கு, குறிப்பாகத் தோல் மருத்துவப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, இதை எழுதுகிறேன். சிஃபிலிஸ் என்ற சொல்லைக் கண்டதும் பலருக்கு ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. நோட்டை வேகமாகத் தள்ளிக்கொண்டே போய், கோட் தேடும் மென்பொருளான என்கோடர் காட்டும் முதல் கோடைப் போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போய்விடுகிறார்கள். இந்த நோயில் அப்படிச் செய்யக் கூடாது. தவறான கோட் அந்த மனிதரின் இன்ஷூரன்ஸ் பதிவில் நிற்கும். பாலிசிதாரர் கணவரோ மனைவியோ அப்பாவோ என்றால், கிளெய்ம் விவரக் கடிதம் அவர்கள் பெயருக்கே போகலாம். சாதாரணத் தோல் தடிப்புக்கு வந்தவரைப் பால்வினை நோயாளியாக்குவதும், உண்மையான நோயாளிக்கு வேறு கோட் போட்டு அவர் ஊசி மருந்துக்கான பணத்தை மறுக்க வைப்பதும் ஒரே அளவு தீங்குதான்.

இது அபூர்வமான சார்ட்டும் அல்ல. 2023இல் அமெரிக்காவில் எல்லா நிலைகளும் சேர்த்து 2,09,000க்கும் மேற்பட்ட சிஃபிலிஸ் நோயாளிகள் பதிவானார்கள். 1950க்குப் பிறகு அங்கே இவ்வளவு பேர் பதிவானதில்லை.

எழுத்து முறை பற்றி ஒரு குறிப்பு. கோடின் முதல் எழுத்தைத் தமிழ் உச்சரிப்பில் தருகிறேன்: ஏ, ஆர், இசட் என்று. ஓ என்று வரும் இடத்தில் அது எழுத்து, பூஜ்யம் அல்ல.

முதலில் நோயைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிஃபிலிஸ் நிலை நிலையாக நகரும். கிருமி நுழைந்த இடத்தில் முதலில் வலியில்லாத ஒரு புண் வரும். சார்ட்டில் அதை ஷாங்கர் என்று எழுதுவார்கள். சிகிச்சை இல்லாமலேயே சில வாரங்களில் அது ஆறிவிடும் என்பதால் பலர் கவனிப்பதே இல்லை. அதன்பின் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கிருமி ரத்தத்தின் வழியே பரவி, உடலெங்கும் தடிப்பாக வெளிப்படும். இதுதான் செகண்டரி நிலை. முதல் புண் முழுக்க ஆறாமல் இருக்கும்போதே இது தொடங்குவதும் உண்டு. இதுவும் தானாக அடங்கிவிடும். அடங்கிய பிறகு வெளியில் எதுவும் தெரியாத லேட்டன்ட் நிலை. ரத்தப் பரிசோதனை மட்டும் நோயைக் காட்டிக்கொடுக்கும்.

செகண்டரி நிலையின் தோல் அடையாளங்கள்தான் உங்கள் சார்ட்டில் வரும். செம்பு நிறத்தில் அல்லது பழுப்புச் சிவப்பில் தட்டையான, லேசாகச் செதில் விடும் தடிப்புகள். பெரும்பாலும் அரிப்பு இருக்காது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வந்தால் தோல் மருத்துவர் உடனே இந்த நோயை நினைப்பார். வாய்க்குள் சாம்பல் படிந்தாற்போன்ற திட்டுகளும் வரலாம். ஆசனவாய், பிறப்புறுப்பு, தொடை இடுக்கு போன்ற ஈரமான இடங்களில் அகலமான, தட்டையான மேடுகள் வரும். அது காண்டிலோமா லேட்டா. தலைமுடி அங்கங்கே பூச்சி அரித்த துணி போலக் கொட்டும். காய்ச்சலும் நெறிகட்டுதலும் கூடவே இருக்கலாம்.

இந்தத் தடிப்பு வேறு பல நோய்களைப் போலவே தோன்றும். சோரியாசிஸ், பிட்டிரியாசிஸ் ரோசியா, மருந்து ஒவ்வாமை எல்லாவற்றோடும் குழம்பும். அதனால் மருத்துவர் சந்தேகப் பட்டியலை நீளமாக எழுதுவார். அந்தப் பட்டியலில் சிஃபிலிஸ் இருப்பது, நோயாளிக்கு சிஃபிலிஸ் இருப்பதாக ஆகாது.

கோட் குடும்பம்

அமெரிக்காவின் நோய்க் கோட் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் ஏ51 என்பது ஆரம்பகால சிஃபிலிஸ். ஏ51.0 முதல் ஏ51.2 வரை முதல் நிலைப் புண். ஏ51.3 தான் தோல், சளிச்சவ்வு ஆகியவற்றில் வரும் செகண்டரி சிஃபிலிஸ். இது ஐந்தாம் இலக்கம் கேட்கும்:

ஏ51.31 காண்டிலோமா லேட்டா
ஏ51.32 சிஃபிலிஸ் முடி உதிர்வு
ஏ51.39 செகண்டரி நிலையின் மற்றத் தோல் அடையாளங்கள்

உள்ளங்கைத் தடிப்பு, உடம்புத் தடிப்பு, வாய்த் திட்டு, நிறம் வெளுத்தல் எல்லாம் ஏ51.39இல் அடங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10இல் ஏ51.3 என்ற நான்கு இலக்கமே போதும். அந்தப் பழக்கத்தில் அமெரிக்க கிளெய்மில் ஏ51.3 என்று நிறுத்தினால் அது செல்லாத கோட்.

ஒரே நோயாளிக்கு உள்ளங்கைத் தடிப்பும் காண்டிலோமா லேட்டாவும் இரண்டும் பதிவாகியிருந்தால் இரண்டு கோடும் போடலாம். ஒன்று மற்றதை விழுங்காது.

உள்ளுறுப்புகளுக்கு ஏ51.4 வரிசை: மூளை உறை, கண், சிறுநீரகம், கல்லீரல், எலும்பு என்று தனித்தனியாக. செகண்டரி சிஃபிலிஸால் வந்த நெறிகட்டு என்று மருத்துவர் எழுதினால் ஏ51.49.

ஏ51.49 வரும் இன்னொரு வழிதான் புதியவர்கள் அடிக்கடி மாட்டும் இடம். அகரவரிசைப் பட்டியலான இன்டெக்ஸில் சிஃபிலிஸ் என்ற தலைப்பின் கீழ் செகண்டரி என்ற துணைச் சொல்லுக்குப் பக்கத்திலேயே ஏ51.49 நிற்கிறது. அங்கேயே கண்ணை நிறுத்தினால் கதை முடிந்தது. அதன் கீழே இன்னும் ஒரு படி உள்தள்ளி தோல், வாய், தொண்டை, சளிச்சவ்வு என்று வரும். அவை எல்லாம் ஏ51.39க்குப் போகும். தோல் அடையாளத்தோடு தெளிவாக எழுதிய சார்ட்டுக்கு ஏ51.49 போட்டிருந்தால், கோடர் கடைசி வரி வரை இறங்கவில்லை என்று ஆடிட்டருக்குப் பார்த்தவுடனே தெரியும். இன்டெக்ஸ், அதன்பின் கோட் வரிசைப் பட்டியலான டேபுலர்: இந்த வரிசையை எந்த என்கோடர் இருந்தாலும் விடாதீர்கள்.

ஒரு மாதிரி சார்ட்டை எடுத்துப் பார்ப்போம்

34 வயது ஆண், புறநோயாளி. மூன்று வாரமாக உடம்பிலும் உள்ளங்கையிலும் தடிப்பு, அரிப்பு இல்லை. பரிசோதனையில் செம்பு நிறச் செதில் தடிப்புகள், கழுத்தில் நெறி. சிஃபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனைகளில் ஆர்பிஆர் 1:64, டிபிபிஏ ரியாக்டிவ், அதாவது பாசிட்டிவ். இடுப்பில் பென்சிலின் ஊசி போடப்பட்டது.

இதைப் படித்ததும் மனம் ஏ51.39 என்று சொல்லும். இருங்கள். கோடைத் தீர்மானிப்பது, மருத்துவர் தன் நோய் முடிவை எழுதும் அசெஸ்மென்ட் வரி.

அங்கே “உள்ளங்கை, உடம்புத் தடிப்பு, செகண்டரி சிஃபிலிஸால்” என்று இருந்தால் ஏ51.39. ஆர்21 என்ற தடிப்புக்கான அறிகுறிக் கோடைக் கூடவே போட வேண்டாம். தடிப்பு நோயின் பகுதி. நெறிகட்டு பரிசோதனைப் பகுதியில் மட்டும் இருக்கிறது, அதை சிஃபிலிஸோடு மருத்துவர் இணைக்கவில்லை என்றால் ஏ51.49ஐ நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

அங்கே “தடிப்பு, செகண்டரி சிஃபிலிஸுக்கு ஒத்துப்போகிறது” என்றோ, “சந்தேகம்”, “இருக்கக்கூடும்”, “விலக்க வேண்டும்” என்றோ இருந்தால், புறநோயாளிக்கு ஆர்21 தான். உறுதியாகாத நோயைப் புறநோயாளி வருகையில் கோட் செய்யக் கூடாது என்று ஐசிடி-10-சிஎம் கோடிங் கைட்லைனின் நான்காம் பிரிவு திட்டவட்டமாகச் சொல்கிறது. “ஒத்துப்போகிறது” என்ற சொற்றொடரும் அந்தத் தடைப் பட்டியலில் உண்டு. அன்றே பென்சிலின் போட்டார்களே என்று கேட்பீர்கள். சந்தேகத்தின் பேரில் சிகிச்சை தொடங்குவது நல்ல மருத்துவம். நோய் உறுதியானதற்கு அது சான்று அல்ல. இதே வாக்கியம் உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்பில் கடைசி முடிவாக நின்றால் கணக்கு மாறும். அங்கே அந்த நோய் இருப்பதாகவே கொண்டு கோட் செய்யலாம். இரண்டு விதிகளையும் ஒரே நாளில் மாறி மாறிப் பயன்படுத்துகிறவர்கள், சார்ட்டைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இது எந்த வகை வருகை என்பதைத்தான்.

“செகண்டரி சிஃபிலிஸ்” என்று மட்டும் இருந்து, தடிப்பு வேறு பகுதியில் தனியாக நின்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வருகைக்கான காரணத்திலோ திட்டப் பகுதியிலோ அதே மருத்துவர் தடிப்பையும் நோயையும் ஒரே இடத்தில் பேசியிருக்கிறாரா என்று தேடுங்கள். இருந்தால் ஏ51.39க்கு அடித்தளம் இருக்கிறது. இல்லையென்றால் உங்கள் கிளையன்ட் விதியைப் பாருங்கள், மருத்துவரிடம் விளக்கம் கேட்கும் க்வெரி அனுப்புங்கள். வெறும் “சிஃபிலிஸ்” என்று இருந்தால் அது ஏ53.9, நிலை குறிப்பிடாதது. கண்ணெதிரே இத்தனை விவரம் இருக்கும்போது அந்தக் கோடோடு சார்ட்டை மூடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. க்வெரி போட்டால் ஒரு வரியில் பதில் வந்துவிடும்.

காண்டிலோமா என்ற ஒற்றைச் சொல்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு சொல் விட்டுப்போனால் நோயே மாறிவிடும். காண்டிலோமா லேட்டா சிஃபிலிஸ். காண்டிலோமா அக்யூமினேட்டா எச்பிவி வைரஸால் வரும் மரு. இரண்டும் வருவது ஏறக்குறைய ஒரே இடங்களில். மருத்துவர் அவசரத்தில் “காண்டிலோமா” என்று மட்டும் எழுதினால் இன்டெக்ஸ் உங்களை ஏ63.0க்கு, அதாவது பால்வினை மருவுக்கு, கொண்டுபோகும். சார்ட்டின் மற்றப் பகுதி முழுக்க சிஃபிலிஸ் என்று பேசிக்கொண்டிருந்தால் அது தவறான இடம். அதற்காக நீங்களே லேட்டா என்று நிரப்பிக்கொள்ளவும் கூடாது. கேளுங்கள்.

முடி உதிர்விலும் இதே கதை. சிஃபிலிஸால் என்ற இணைப்பு இல்லாமல் “அங்கங்கே முடி உதிர்வு” என்று மட்டும் இருந்தால் ஏ51.32 இல்லை.

லேப் அறிக்கையைப் படிக்கத் தெரியணும், அதிலிருந்து கோட் எடுக்கக் கூடாது

ஆர்பிஆர், விடிஆர்எல் ஒரு வகை. இவை டைட்டர் தரும், அதாவது எவ்வளவு நீர்த்த பிறகும் பாசிட்டிவ் காட்டுகிறது என்ற அளவு, 1:64 போல. நோயின் தீவிரத்தையும் சிகிச்சைக்குப் பிறகான இறக்கத்தையும் காட்டும். டிபிபிஏ, எஃப்டிஏ-ஏபிஎஸ், ஈஐஏ போன்றவை இன்னொரு வகை, கிருமிக்கே எதிரான ஆன்டிபாடியைத் தேடுபவை. இரண்டாம் வகை ஒருமுறை பாசிட்டிவ் ஆனால், சிகிச்சை முடிந்த பிறகும் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கும். பத்து வருடத்துக்கு முன் குணமானவருக்கும் டிபிபிஏ ரியாக்டிவ் வரும். அதை வைத்து இன்றைய சிஃபிலிஸ் என்று எழுதினால் அவருக்கு எவ்வளவு பெரிய அநியாயம்!

இன்டெக்ஸில் பாசிட்டிவ் சீராலஜி என்று தேடினால் ஏ53.0 கிடைக்கும். லேப் தாளில் ரியாக்டிவ் என்று பார்த்துவிட்டு அதை எடுத்துப் போடுகிற வழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். அந்த முடிவுக்கு என்ன அர்த்தம் என்று சிகிச்சை தரும் மருத்துவர் எழுத வேண்டும். பழைய, சிகிச்சை முடிந்த நோய் என்று எழுதினால் இசட்86.19.

எதிர்ப்பக்கத்து ஆச்சரியமும் உண்டு. செகண்டரி நிலையில் ஆன்டிபாடி மிக அதிகமாக இருப்பதாலேயே சில சமயம் ஆர்பிஆர் பொய்யாக நெகட்டிவ் காட்டும். புரோசோன் என்பார்கள், ரத்தத்தை நீர்த்துப் பார்த்தால் பாசிட்டிவ் ஆகும். எனவே நெகட்டிவ் ஆர்பிஆரைப் பார்த்து மருத்துவரின் உறுதியான நோய் முடிவை நீங்கள் மாற்றிவிடாதீர்கள்.

பயாப்சி அறிக்கை கொஞ்சம் வேறு. அதைப் படித்து எழுதுகிறவர் பேத்தாலஜிஸ்ட், அவரும் மருத்துவர். புறநோயாளி பரிசோதனையில் இறுதி அறிக்கை கோட் செய்யும் நேரத்தில் கையில் இருந்தால், அதில் உறுதியாகச் சொன்ன நோயை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பேத்தாலஜிஸ்ட்டுகள் “ஒத்துப்போகிறது” என்றே அதிகம் எழுதுவார்கள். அங்கேயும் அதே தடை.

லேட்டன்ட் சார்ட்டில் ஒரு முரண்பாடு வரும். நோய்த் தடுப்பு மையமான சிடிசி ஓராண்டுக்குள் தொற்றியதைத்தான் ஆரம்ப லேட்டன்ட் என்கிறது. ஐசிடி-10-சிஎம்மில் ஏ51.5இன் விளக்கமோ இரண்டு ஆண்டுக்குள் என்கிறது. மாதத்தை எண்ணி நீங்களாகத் தீர்ப்பு எழுத வேண்டாம்; ஆரம்பமா பிந்தையதா என்று மருத்துவர் எழுதியதைப் பின்பற்றுங்கள். தடிப்பு இருக்கும் சார்ட்டுக்கு லேட்டன்ட் கோடே பொருந்தாது, ஏனென்றால் வெளி அடையாளம் இல்லாத நிலைக்குத்தான் அந்தப் பெயர்.

கூடவே வரும் கோடுகள்

கர்ப்பிணி என்றால் வரிசை தலைகீழ். ஓ98.11 வரிசை முதலில் வரும். ஆறாம் இலக்கம் மூன்று மாதப் பருவத்தைச் சொல்லும். அதன்பின் ஏ51.39, கர்ப்ப வாரத்துக்கு இசட்3ஏ. தாயின் செகண்டரி சிஃபிலிஸ் குழந்தைக்குப் பரவும் அபாயம் மிக அதிகம் என்பதால் இந்தச் சார்ட்டில் ஒரு இலக்கமும் விடக் கூடாது.

எச்ஐவி உறுதியானதாக எழுதப்பட்டிருந்தால் மட்டும், அறிகுறி இல்லாதவருக்கு இசட்21, எச்ஐவி சார்ந்த நோய் வந்தவருக்கு பி20. சிஃபிலிஸ் இருப்பதால் எச்ஐவியும் இருக்கும் என்ற ஊகத்துக்கு இங்கே இடமே இல்லை. எச்ஐவியில் மட்டும் உள்நோயாளிக்கும் உறுதிப்பாடு வேண்டும்.

பென்சிலின் ஒவ்வாமை என்று இருந்தால் இசட்88.0. ஏன் டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள் என்பதற்கு அதுவே விடை. பாலியல் துணைக்கு நோய் என்று தெரிந்து பரிசோதனைக்கு மட்டும் வந்தவர் என்றால் இசட்20.2; அடையாளமோ தொடர்போ இல்லாத வழக்கமான ஸ்கிரீனிங் என்றால் இசட்11.3.

ஊசியும் பரிசோதனையும்

இனி வருபவை நோய்க் கோடுகள் அல்ல, செய்த வேலைக்கும் கொடுத்த மருந்துக்குமான கோடுகள். ஆர்பிஆர், விடிஆர்எல்லின் ஆம்-இல்லை பரிசோதனைக்கு 86592, டைட்டர் பார்த்தால் 86593, டிபிபிஏ போன்றவற்றுக்கு 86780. தோலில் பஞ்ச் பயாப்சி ஒன்று என்றால் 11104.

ஊசியில் நிதானம் வேண்டும். செகண்டரி நிலைக்கு உரிய சிகிச்சை, தசையில் பென்சதீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தடவை. அதற்கான மருந்துக் கோட் ஜே0561. அதில் ஒரு பில்லிங் யூனிட் என்பது 1,00,000 யூனிட் மருந்து. ஆகவே கிளெய்மில் 24 என்று வர வேண்டும். ஒரு ஊசிதானே என்று 1 போட்டால் மருத்துவமனைக்குக் கிடைப்பது 24இல் ஒரு பங்கு. ஊசி போட்டதற்கு 96372. பெயரிலும் கவனம் வேண்டும்: பிசிலின் எல்-ஏ தான் சிஃபிலிஸுக்கான மருந்து. பிசிலின் சி-ஆர் என்பது புரோக்கெய்ன் பென்சிலின் கலந்த வேறு மருந்து, அதன் கோட் ஜே0558. சிஃபிலிஸுக்கு அது போதாது. நோட்டில் எல்-ஏ, மருந்துப் பதிவில் சி-ஆர் என்று முரண்பட்டால் அது பில்லிங் சிக்கல் மட்டும் அல்ல, நோயாளிக்குத் தவறான மருந்து போயிருக்கலாம். அன்றே மேலதிகாரியிடம் எழுப்புங்கள்.

க்வெரி எழுதுவது

நல்ல க்வெரி சார்ட்டில் உள்ளதை மட்டும் எடுத்து வைக்கும், பதிலை ஊட்டாது. இப்படி எழுதலாம்: “இன்றைய நோட்டில் உள்ளங்கையிலும் உடம்பிலும் செதில் தடிப்பு, ஆர்பிஆர் 1:64, டிபிபிஏ ரியாக்டிவ், பென்சதீன் பென்சிலின் கொடுத்தது ஆகியவை பதிவாகியுள்ளன. அசெஸ்மென்ட்டில் சிஃபிலிஸ் என்று மட்டும் உள்ளது. உங்கள் மருத்துவ முடிவின்படி நோயின் நிலையையும், தோல் தடிப்புக்கான காரணத்தையும் பதிவு செய்யவும்.” விருப்பங்கள் தருவதாக இருந்தால், சார்ட் தாங்கும் விருப்பங்களோடு “மற்றவை”, “தீர்மானிக்க இயலவில்லை” இரண்டும் இருக்க வேண்டும்.

“செகண்டரி சிஃபிலிஸ் என்று எழுதினால் ஏ51.39 போடலாம், உறுதிப்படுத்துங்கள்” என்று அனுப்பினால் அது க்வெரி இல்லை, பதிலைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது. எந்தக் கோட், எவ்வளவு பணம் என்ற பேச்சே க்வெரியில் வரக் கூடாது.

மருத்துவர்களுக்குக் கருத்து சொல்லும் வாய்ப்பு கிடைத்தால் இதைக் கேளுங்கள்: நிலை, உடலின் இடம், அடையாளத்தின் பெயர், “இதனால்” என்ற இணைப்பு, இந்த நான்கும் ஒரே வாக்கியத்தில். அவர்களுக்குப் பத்து விநாடி வேலை, க்வெரியே தேவைப்படாது. அலுவலகத்தில் சந்தேகம் கேட்கும்போது சார்ட் எண்ணை மட்டும் சொல்லுங்கள். நோயாளியின் பெயரையோ ஊரையோ பக்கத்து இருக்கைக்குக் கேட்கும்படிச் சொல்லாதீர்கள், தேவையில்லாத ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள்.

திரும்ப வரும் வருகை

சிகிச்சைக்குப் பின் ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் டைட்டர் பார்க்க வருவார்கள். நான்கு மடங்கு இறக்கம் என்றால் இரண்டு படி இறங்குவது: 1:64 இலிருந்து 1:16. தோல் தெளிந்து, சிகிச்சை முடிந்து, நோய் தீர்ந்துவிட்டது என்று மருத்துவர் எழுதினால் இசட்09, கூடவே இசட்86.19. இந்த வருகைகளில்தான் பழைய நோட்டை நகலெடுத்து ஒட்டுவது அதிகம். “தோலில் தடிப்பு எதுவும் இல்லை” என்ற பரிசோதனைக்குக் கீழே முந்தைய மாதங்களின் “செகண்டரி சிஃபிலிஸ்” அப்படியே நிற்கும். டைட்டர் இறங்காமல் ஒரே இடத்தில் நின்றாலும் இதே குழப்பம் வரும். இது நடப்பு நோயா, பழைய நோயின் மிச்சத் தடயமா, மீண்டும் தொற்றியதா என்று சார்ட்டை வைத்து நீங்கள் முடிவு செய்ய முடியாது. கிளெய்மை நிறுத்தி வைத்து, பரிசோதனைக் குறிப்பையும் இரண்டு டைட்டர்களையும் தேதியோடு எடுத்து எழுதி, க்வெரி அனுப்புங்கள்.